எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்காரர் தெருவில்தான் என் கடை.
கொலுசு செய்வதில்லை. பெயர் வெட்டுகிறேன்.
குத்துவிளக்கு, சீர்த்தட்டு, சுழற்கேடயம்.
எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்,
புள்ளிக்குக் காசில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து பேர் வந்தார்கள்,
கல்லூரியின் பழைய கால்பந்துக்காரர்கள்.
முட்டி மாற்றிய விங்கர், தொப்பை விழுந்த ஸ்டாப்பர்,
நடுவில் வெறுமையாய் ஒரு கேடயம்.
'எக்காலத்துக்கும் சிறந்த பயிற்சியாளர்' என்று
மேல்வரி வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்.
"பேரு?" என்றேன்.
அங்கே பிடித்தது வினை.

இருதயநாதன், என்றார் முனவர் பாஷா.
நாலு மண்டலக் கோப்பை.
வெள்ளைக்கல் மேட்டில் புழுதி தின்ன ஓடவிட்டவர்.
தோற்ற அன்று பஸ்ஸில் யாருக்கும் சீட் இல்லை;
ஈரோட்டிலிருந்து நின்றே வந்தோம்,
அவரும் நின்றார்.

காதர் ஷெரீப், என்றார் கஞ்சமலை.
கோப்பை இல்லைதான். ஆனால் அவர் கை பட்டவர்களில்
ஒன்பது பேர் ரயில்வே, நாலு பேர் போலீஸ்.
"கோப்பையில சோறு போட்டுத் திங்க முடியுமாய்யா?"
"தின்னோம்," என்றார் பாஷா.
"எம்பத்தொம்பதுல, தர்மபுரில. பிரியாணி."

தியோடர், என்றார் பாபுலால், மெதுவாக.
பதினோரு மாதம், பதினெட்டு ஆட்டம்,
ஒன்றிலும் தோற்கவில்லை.
அப்புறம் மஸ்கட் போய்விட்டார்.
"ஓடிப்போனவனுக்குக் கேடயமா?"
"நாலே எழுத்து, நாற்பத்தெட்டு ரூபாய்," என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

என்னை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.
இருதயநாதனிடம் இரண்டு வருஷம், ஷெரீப்பிடம் ஒரு வருஷம்
பெஞ்சில் இருந்தவன் நான்.
கோல் வாங்கும்போதெல்லாம்
இருதயநாதனின் இடது குதிகால் மண்ணைத் தேய்க்கும்.
ஆட்டம் முடிகையில் அங்கே ஒரு குழி இருக்கும்.
ஷெரீப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது ஒரே தடவை,
எழுபத்தோராம் நிமிஷம்.
லேஸை இறுக்கிக்கொண்டு எழுந்தேன்.
"தண்ணி இருக்கா?" என்றார்.
இறக்கிவிடப்படாதவனுக்குத்தான்
பயிற்சியாளரின் முதுகு தெரியும்.
இதை அவர்களிடம் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு ஒரு டீ கிளாஸ் உடைந்தது.
எண்பத்தேழில் யார் யாரை அணியிலிருந்து எடுத்தார் என்பதில்
இரண்டு பேர் வெயிலில் இறங்கிப் போனார்கள்.
மிஞ்சியவர்கள் ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமல்
"நாளைக்கு ஏற்காட்டுல ஃபைனல்.
இப்படியே அனுப்பிடுங்க" என்றார்கள்.
மேல்வரிக்கு மட்டும் எண்ணிக் கொடுத்தார்கள்.

கடையில் தனியாக, உளியும் கையுமாக.
என் பெயர் ஐந்தெழுத்து.
அதையும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் நானே எடுத்துப்போனேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
மடியில் கிடந்த வெற்றிடத்தில்
குரங்கு வந்தது, கண்டக்டரின் தாடை வந்தது,
ஆரஞ்சு விற்பவளின் கூடை வந்து போனது.

மேலே ஆடி மஞ்சு.
இரண்டாம் பாதியில் பந்தே தெரியவில்லை;
உதைத்த சத்தத்தைக் கேட்டுத்தான் கைதட்டினோம்.
எஸ்டேட் பையன்கள் ஜெயித்தார்கள்.
மலைக்கிராமத்துக் கோல்கீப்பர், ஒற்றைக் கையுறையோடு,
கேடயத்தை வாங்கினான்.
நடுவில் ஆவி படிந்திருந்தது.
மேல்வரியைப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான்.
வெறும் விரலால் கீழே ஒரு பெயரை எழுதினான்.

தலைகீழாக, கண்ணாடிப் பிம்பமாக
முப்பது வருஷம் எழுத்து படித்தவன் நான்.
முதலெழுத்து 'சு' போலிருந்தது.
அடுத்தது 'க'வோ 'சீ'யோ.
'டீச்சர்' என்பது மட்டும் உறுதி.
போட்டோக்காரர் "ரெடி" என்றதும்
கையுறையால் துடைத்துவிட்டான்.

இறங்கும்போது, ஒன்பதாம் வளைவில், கஞ்சமலையின் போன்.
"என்னப்பா, பேரு போட்டாச்சா?"
"ஆச்சு."
"எத்தனை எழுத்து? எவ்வளவு தரணும்?"
பஸ் திரும்பியது.
எண்ணவில்லை, என்றேன்.